பட்டாளத்தில் வேப்: பையன்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். ராணுவ மருத்துவப் படைப்பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக 24 வருடம் வேலை பார்த்து, 2023ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கம் பட்டாளத்து வீடுகள் அதிகம். விடியற்காலையில் அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களோடு மைதானத்தில் நிற்பது இப்போது என் வழக்கம். முன்பெல்லாம் உயரம், மார்பளவு, கண் பார்வை என்று கேட்பார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது வேப் பற்றிக் கேட்கிறார்கள். லீவில் வந்திருக்கும் ஜவான்களும் கேட்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எல்லாமே இந்திய ராணுவத்தைப் பற்றியவை.

வேப்னா என்னண்ணே? அதுவும் சிகரெட்தானே?

இல்லை. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. வேப்பில் எதுவும் எரிவதில்லை. உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம், அவ்வளவுதான். இழுக்கும்போது சுருள் சூடாகி, திரவம் நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது. திரவத்தில் பெரும்பாலும் நிக்கோடின், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள் இருக்கும். இ-சிகரெட், பாட், டிஸ்போசபிள் என்று பல பெயரில் அழைத்தாலும் சங்கதி ஒன்றுதான்.

பென் டிரைவ் மாதிரி, ஸ்கெட்ச் பேனா மாதிரியெல்லாம் வருகிறது. ஒரு தடவை ஒரு பையனின் சட்டைப் பையில் மஞ்சள் ஹைலைட்டர் என்று நினைத்து எழுத எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மாம்பழ வாசனை அடித்தது.

இந்தியாவுல நிஜமாவே தடையா? கடையில கிடைக்குதே?

நிஜமாகவே தடைதான். தமிழ்நாடு 2018லேயே தடை போட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த டிசம்பரிலேயே அது நாடாளுமன்றச் சட்டமாகிவிட்டது. தயாரிப்பது, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஓர் இடத்தில் சரக்கை வைத்துக்கொள்ளத் தெரிந்தே அனுமதித்தால் அதற்குத் தனியாக ஆறு மாதம் அல்லது 50,000 ரூபாய் அல்லது இரண்டும்.

கடையில் கிடைக்கிறது என்றால் அது திருட்டுச் சரக்கு. உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று யாரும் சோதித்ததில்லை. 2019ல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் பழுதாகி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முறையில்லாத வழியில் வாங்கிய கஞ்சாச் சத்து கலந்த திரவமும், அதைக் கெட்டியாக்கச் சேர்த்த விட்டமின் இ அசிட்டேட் என்ற பொருளும்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். திருட்டுச் சரக்கில் இப்படித்தான் ஆகும்.

நிக்கோடின் இல்லாத ஃப்ளேவர் மட்டும்னா பரவாயில்லையா?

அதுவும் தடைதான். நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. இ-ஹூக்கா, எரிக்காமல் சூடு மட்டும் பண்ணும் கருவி எல்லாம் அதற்குள் அடங்கும். முழுக் கருவிதான் என்றில்லை, அதன் ஒரு பாகமும் சேர்த்தி. மருந்துச் சட்டப்படி உரிமம் பெற்றவை இதில் வராது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

பட்டாளத்துல பீடி, சிகரெட்டெல்லாம் பிடிக்கிறாங்களே. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சிகரெட் உடம்புக்குக் கேடு, ஆனால் நாட்டில் சட்டப்படி விற்கும் பொருள். பேரக்குக்கு வெளியே ஓர் ஓரமாக நின்று பிடிப்பவனை உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) திட்டலாம், துரத்தலாம். அது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம். வேப் வாங்கினால், அந்தப் பொருள் உன் கைக்கு வருவதற்கே யாரோ ஒருவர் குற்றம் செய்திருக்க வேண்டும். சீருடை போட்டவன் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நிற்கிறான்.

பையன்கள் நினைப்பது நேர்மாறாக இருக்கிறது. சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை, அதனால் சிகரெட்டைவிடச் சின்னத் தப்பு என்கிறார்கள். உடம்பு விஷயத்தில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் பட்டாளத்தில் இது சிகரெட்டைவிடப் பெரிய தப்பு. இதைத்தான் நான் தினமும் மைதானத்தில் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்துல 'பிடிக்கக் கூடாது'ன்னு எங்கயும் இல்லையாமே? ஒரு வக்கீல் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். அந்தச் சட்டம் விற்பவனையும் கடத்துபவனையும் பதுக்குபவனையும் குறிவைத்து எழுதப்பட்டது. பிடிப்பவனுக்கு என்று தனியாகத் தண்டனை எழுதவில்லை. சாதாரணக் குடிமகன் கோர்ட்டில் இதை வைத்து வாதாடலாம்.

ஜவானுக்கு இந்த வாதம் உதவாது. 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 63ஆவது பிரிவு நல்லொழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் மாறான எந்தச் செயலையும் குற்றம் என்கிறது. அதில் வேப் என்று பெயர் எழுதியிருக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் யூனிட்டில் சிஓ (யூனிட்டின் தலைமை அதிகாரி) போடும் ஆர்டர் இருக்கிறது. எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ரோல் காலில் ஆர்டர் வாசித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

மாட்டினா நிஜமா என்ன ஆகும்? ஜெயிலா?

போலீஸ் வந்து விலங்கு மாட்டுவதில்லை, பெரும்பாலும் யூனிட்டுக்குள்ளேயே முடியும். பொருளைப் பறிமுதல் செய்து, யார் பார்த்தார்கள், எங்கே இருந்தது என்று எழுதுவார்கள். குற்றச்சாட்டு எழுதி, தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றவைத்து, சிஓ முன்னால் மார்ச்-அப் செய்வார்கள். 80ஆவது பிரிவின்படி ஜவானுக்கு சிஓ தானே தண்டனை கொடுக்கலாம். 28 நாள் வரை ராணுவக் காவல், 28 நாள் வரை லைன்ஸை (ஜவான்கள் தங்கும் பகுதியை) விட்டு வெளியே போகத் தடை, கூடுதல் காவல் டியூட்டி, 14 நாள் சம்பளம் வரை அபராதம், கண்டிப்பு என்று அந்தப் பட்டியல் போகும். முதல் தடவை பிடிபட்ட சின்னப் பையனுக்கு எல்லாமே கிடைக்காது. சிஓ எப்படிப்பட்டவர், யூனிட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

விற்றால் கதையே வேறு. பத்து டிஸ்போசபிளை வாங்கிவந்து பேரக்கில் லாபம் வைத்து விற்றவனுக்கு மேலே சொன்ன 2019 சட்டம் நேராகப் பாயும். தண்டனை முடிந்துவிடும், ரெக்கார்டில் விழுந்த எழுத்துதான் போகாது. கனமான தண்டனையைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். ப்ரமோஷன், கோர்ஸ், நல்ல போஸ்டிங் எது வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

நாலு ரெட் இங்க் வாங்கினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே?

பட்டாளம் முழுக்க இப்படி ஒரு பேச்சு உண்டு. நாலு சிவப்பு எழுத்து சேர்ந்தால் 'இவன் தேறமாட்டான்' என்று டிஸ்சார்ஜுக்கு எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து அனுப்பிவிடக் கூடாது, விசாரணை நடத்தி அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும், எவ்வளவு கஷ்டமான இடங்களில் வேலை பார்த்தான் என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே மூன்று இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான் அக்னிவீர். நாலே வருஷம்தானே, ரெக்கார்டைப் பத்தி நான் ஏன் கவலைப்படணும்?

தம்பி, நீதான் எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்பட வேண்டும். ராணுவச் சட்டம் உனக்கும் அப்படியே பொருந்தும். நாலு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். நாலு பேரில் ஒருவன். ஓட்டத்தில், ஃபயரிங்கில் நீயும் பக்கத்து பெட் பையனும் சமமாக இருக்கும்போது, உன் பக்கத்தில் மட்டும் ஒரு எழுத்து இருந்தால் யாரை எடுப்பார்கள்? ரெகுலர் ஜவானுக்குத் தப்பை ஈடுகட்டப் பதினைந்து வருடம் இருக்கிறது. உனக்கு அந்த அவகாசம் இல்லை.

மெடிக்கல்ல கண்டுபிடிச்சிடுவாங்களா? தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாடி நிறுத்தினா போதுமா?

எக்ஸ்-ரேயைப் பார்த்து 'இவன் வேப் பிடித்தவன்' என்று யாராலும் சொல்ல முடியாது. நிக்கோடின் உடம்பில் கோட்டினின் என்ற பொருளாக மாறி, விட்ட பிறகும் சில நாள் சிறுநீரில் தெரியும். நீ பயப்பட வேண்டியது மெடிக்கலுக்கு இல்லை, ஓட்டத்துக்குத்தான். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால்தான் முதல் குரூப், முழு 60 மதிப்பெண். எங்கள் மைதானத்தில் மூன்றாவது சுற்று வரை முன்னால் ஓடிவிட்டு நாலாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு மாதமாக வேப் என்றான். விட்டான். ஆறேழு வாரத்தில் நாலாவது சுற்றிலும் மூச்சு தாங்கியது. ஒரு வாரம் போதாது.

வாசனையே வராதே, எப்படித் தெரியும்?

சாமான்களைச் சோதிக்கும் கிட் இன்ஸ்பெக்‌ஷனில் தெரியும். சார்ஜ் போடும்போது தெரியும். ஐம்பது பேர் படுக்கும் பேரக்கில் யாருக்காவது தெரியாமல் எதையும் செய்ய முடியுமா? இரவு செண்ட்ரி (காவல்) டியூட்டியில் இழுத்தால் நுனியில் ஒரு நீல விளக்கு எரியும். எல்லைப் பக்கம் அந்த விளக்கை உன் ஆட்கள் மட்டுமல்ல, எதிரியும் பார்ப்பான்.

மலையில குளிருக்கு ஒரு பஃப் இழுத்தா நல்லாத்தான் இருக்கு. அதுல என்ன தப்பு?

நிக்கோடின் விரல்களுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். உள்ளே கதகதப்பாக இருப்பது போலத் தோன்றும், விரல் நுனிக்கு ரத்தம் குறையும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றி, வேப்பைப் பிடித்து இழுத்துவிட்டு மறுபடியும் கையுறை மாட்டுகிற நேரத்தில், பனிக்கடிக்கு வழியை நீயே திறந்துவிடுகிறாய்.

இன்னொன்று நான் கண்ணால் பார்த்தது. லே சுமார் 11,500 அடி உயரம். விமானத்தில் வந்து இறங்குபவனை அந்த உயரத்துக்குப் பழக்க முதலில் ஆறு நாள், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. ஒரு டிரான்சிட் கேம்ப்பில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் வறட்டு இருமல். பக்கத்தில் படுத்தவன் கேட்டதற்கு "இது எனக்கு எப்பவும் வர்ற இருமல்தான்" என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் லங்கருக்கு (சாப்பாட்டுக் கூடத்துக்கு) நடக்கும்போது உட்கார்ந்துவிட்டான். என்னிடம் தூக்கிவந்தபோது உதடு நீலம், நகத்தை அழுத்தினால் சிவப்பு திரும்ப நேரம் பிடித்தது. ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் 64 சதவீதம். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். மலை உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்ஸிஜன் வைத்து, டாக்டர் சாப் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்துவிட்டான்.

அவன் பூட்ஸைக் கழற்றும்போது காலுறைக்குள்ளிருந்து அந்தக் கருவி விழுந்தது. வேப் பிடித்ததால்தான் அவனுக்கு நீர் கோத்தது என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பழக்கமும் இல்லாத நல்ல திடகாத்திரமான பையன்களுக்கும் வரும். ஆனால் வறட்டு இருமல் அந்த நோயின் ஆரம்ப எச்சரிக்கைகளில் ஒன்று. வேப் இருமலுக்குப் பழகிப்போனவன் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறான், மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட்டும் போடமாட்டான். அந்த ஓர் இரவு தாமதம் போதும். மலைக்குப் போகும் ஒவ்வொருவனிடமும் சொல்கிறேன். நீ என்ன பிடிப்பவனாக இருந்தாலும் சரி, மேலே இருமினால் உடனே எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறைக்கு) போ.

பேட்டரி வெடிக்கும்ங்கறது உண்மையா, மிரட்டலா?

உண்மை. தினமும் நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் சட்டைப் பையிலும் கப்பலிலும் பேட்டரி தீப்பிடித்த சம்பவங்கள் சேர்ந்ததால், 2017 மே 14 முதல் கப்பல், நீர்மூழ்கி, விமானம் எதிலும் இந்தக் கருவி கூடாது என்று நிறுத்தினார்கள். நம் வெடிமருந்துக் கிடங்கின் வாசலில் தீப்பெட்டி, லைட்டர், போன் எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். காலுறைக்குள் லிதியம் பேட்டரியோடு போவதை நினைத்துப் பாருங்கள்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லிதியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே பழுதாகி ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. அதைச் சூடாக்குகிறேன் என்று புகாரி அடுப்பின் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம். மண்ணெண்ணெய் எரியும் டென்ட் அது, உள்ளே ஆறு பேர் தூங்குகிறார்கள்.

ஆஃபீஸ் கம்ப்யூட்டர் யுஎஸ்பியில சார்ஜ் போட்டேன். யாரும் பார்க்கல. பிரச்சினை இல்லையே?

பிரச்சினை இருக்கிறது, அதுவும் வேப்பைவிடப் பெரிது. அனுமதி இல்லாத எந்தப் பொருளையும் ராணுவக் கம்ப்யூட்டரில் செருகக் கூடாது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு கருவியைச் செருகினால் அது பாதுகாப்பு மீறல், விசாரணை அந்தத் திசையில் போகும். கிளார்க் பையன்கள் யாராவது படித்தால் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

ஐ.நா. படைக்கு லெபனான் போய்ட்டு வர்றேன். அங்க கடையிலயே விக்குது. லீவுல வரும்போது ஒண்ணே ஒண்ணு கொண்டு வரலாமா, நண்பனுக்குத்தான்?

கூடாது. இந்தியாவுக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்தால் அதன் பெயர் இறக்குமதி. ஒன்று, நூறு என்று சட்டம் பிரிக்கவில்லை. நண்பனிடம் காசு வாங்காமல் கொடுத்தாலும் விநியோகம்தான். இலவச சாம்பிளும் சேர்த்தி என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறது. மேலே வக்கீல் சொன்ன ஓட்டை பிடிப்பவனுக்கு மட்டும்தான், கொண்டுவருபவனுக்கு இல்லை. மிஷனுக்குப் பெயர் வருவதே பெரிய விஷயம். திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் நிற்காதே.

லீவுல வீட்டுல இருக்கும்போது?

லீவிலும் நீ ராணுவச் சட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறாய். இன்னும் ஒன்று, ஊரில் நண்பன் நீட்டுகிற வேப்பில் நிக்கோடின்தான் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதில் கஞ்சாச் சத்து இருந்தால் போதைப்பொருள் சட்டம். அதற்குப் பிறகு என்னிடம் வந்து கேட்கவும் எதுவும் மிச்சமிருக்காது.

வேப்பாலதான் நான் சிகரெட்டை விட்டேன். இப்ப இதையும் விடுன்னா திரும்ப சிகரெட்டுக்குப் போயிடுவேனே?

இது நியாயமான கேள்வி. புகையிலை எரியும்போது வரும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வேப்பில் இல்லை. பிரிட்டனில் சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்கு அரசு மருத்துவத்துறையே இதைப் பரிந்துரைக்கிறது. அங்கே அது முறைப்படுத்தப்பட்ட பொருள். இங்கே நீ வாங்குவது எது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டாம். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோடின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதை பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. காரம் போனதும் மறுபடி இரண்டு கடி. டீ குடித்த கையோடு போட்டால் வேலை செய்யாது, கால் மணி நேரம் விடு. முதல் மூன்று நாள்தான் கொடுமை, எரிச்சல் வரும், தூக்கம் வராது. இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும். அதனால் டிரெய்னிங்கின் முதல் வாரத்தில் விட முயலாதே, லீவின் முதல் நாளில் தொடங்கு. 1800-11-2356 என்ற அரசின் புகையிலை விடுவிப்பு எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

எம்.ஐ. ரூம்ல போய்ச் சொன்னா, அவங்களே மாட்டிவிட மாட்டாங்களா?

நான் அந்த ரூமில் இருந்தவன், உள்ளதைச் சொல்கிறேன். பட்டாளத்தில் டாக்டரும் ஓர் அதிகாரிதான். வெளியே இருப்பது போன்ற முழு ரகசியத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் நிக்கோடின் பழக்கம் இருக்கிறது, விட வேண்டும் என்று தானாக வந்து நின்ற பையனை மாட்டிவிட்ட டாக்டரை என் 24 வருடத்தில் நான் பார்த்ததில்லை. பிடிபட்ட பிறகு வந்து "சாப், விட நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று சொன்னவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன், அப்போது டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கருவியைக் கையில் கொண்டுபோகாதே. அதை முன்னாலேயே ஒழித்துவிட்டுப் போ. பழக்கத்தைப் பற்றிப் பேசு.

என் மகன் லீவுக்கு வந்திருக்கான். பையில இதைப் பார்த்தேன். அவன் ஆபீசருக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா, தம்பி?

வேண்டாம்மா. போன் போட்டால் அது புகாராகிவிடும், அப்புறம் அவர்களாலும் விட முடியாது. லீவு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். இருபது நாள் இருந்தால் நல்ல நேரம், கம் வாங்கிக் கொடுத்து இன்றே தொடங்கச் சொல்லுங்கள். அடிக்கடி சிடுசிடுப்பான், சாப்பாட்டில் குறை சொல்வான், அது உங்கள் மேல் கோபமில்லை, நிக்கோடின் இறங்குகிறது. கருவியை அடுப்பில் போடாதீர்கள், பேட்டரி வெடிக்கும். குப்பைத் தொட்டியும் வேண்டாம், எலக்ட்ரானிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் ரயில் ஏறும் நாளில் பையை நீங்களே அடுக்குங்கள். காலுறைகளையும் உதறிப் பாருங்கள்.